சிஸ்டம் அட்மின் புத்தகங்களை எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வி இதுதான்: "சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் என்ன வேலை பார்த்தவர்கள்? நிஜமாகவே சர்வர் பார்த்தவர்களா, இல்லை எழுதுவதே தொழிலாகக் கொண்டவர்களா? நாற்பது சர்வர் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தில் நான் ஒருவன்தான் அட்மின். யார் எழுதியதை நம்பிப் படிக்கலாம்?"

நல்ல புத்தகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் சர்வர் பார்த்தவர்கள்தான். ஆனால் அதற்கென்று படித்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் மிகக் குறைவு. கணிதம், இயற்பியல், இலக்கியம் என்று வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே இருந்த மெஷினை யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அது இவர்கள் தலையில் விழுந்தது. ஒருவர் எந்த மெஷின் ரூமில் நின்றார், சர்வர் விழுந்தபோது யார் வந்து அவரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் அவர் எழுதிய புத்தகத்தில் அப்படியே தெரியும். எது நன்றாக வந்திருக்கிறது, எதை அவர் கவனிக்கவே இல்லை, இரண்டுக்கும் காரணம் அதுதான். அதனால் பின் அட்டையில் இருக்கும் ஆசிரியர் குறிப்பைப் பொருளடக்கத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் இந்த வேலைக்குப் பாடத்திட்டமே கிடையாது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்கள் அமைப்பான யூஸ்னிக்ஸ், லீசா என்ற கருத்தரங்கை 1987-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு சின்னப் பட்டறையாகத்தான் தொடங்கியது. "பெரிய நிறுவல்களின்" நிர்வாகம் என்று பெயர். பெரியது என்றால் 100 பயனர்களுக்கு மேல், அவ்வளவுதான். அட்மின்களுக்கென்று சேஜ் என்ற தொழில்முறைச் சங்கம் 1992-இல்தான் வந்தது. அதுவரை ஒருவர் அட்மின் ஆவதென்றால், பக்கத்து மேசைக்காரர் வேலையை விட்டுப் போகும்போது, மெஷினில் எதையும் செய்ய அனுமதிக்கும் ரூட் பாஸ்வேர்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான். எழுதி வைத்தது எதுவும் இல்லாததால், தான் கற்றதை ஒருவர் எழுதினாலே அது புத்தகமாகிவிடும் நிலைமை.

முதலில் ஈவி நெமெத். 1940-இல் பிறந்தவர், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம், அப்புறம் போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். அவருடைய யூனிக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் கையேடு 1989-இல் வந்தது. கார்த் ஸ்னைடர், ஸ்காட் சீபாஸ் இருவரும் கூட எழுதியவர்கள். பேராசிரியர் என்றதும் தியரிப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். துறையின் மெஷின்களைப் பார்க்கும் வேலையை இளங்கலை மாணவர்கள் கையில் கொடுத்து, அவர்களை அட்மின்களாக வளர்த்துவிடுவதில் பேர் போனவர் அவர். இருபது வயதுப் பையனுக்கு ரூட் உரிமை கொடுக்கிறவர், அதோடு எதை எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையேட்டின் குரல் அங்கிருந்து வருவதுதான்: இது இப்படி வேலை செய்கிறது, இந்த கம்பெனி இதைக் கெடுத்து வைத்திருக்கிறது, நீ இப்படிச் செய். கிண்டலும் கார்ட்டூனும் தாராளமாக இருக்கும். எந்தக் கம்பெனியின் யூனிக்ஸானாலும் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். விற்பனைப் பிரிவுக்குப் பயப்படத் தேவையில்லாத பல்கலைக்கழக வேலையின் சௌகரியம் அது.

கூட்டு ஆசிரியர்களும் சுவாரஸ்யமானவர்கள். கார்த் ஸ்னைடர் நெக்ஸ்ட், சன் என்ற இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வேலை பார்த்தவர். அப்புறம் மருத்துவம் படித்து எம்.டி.யும், கூடவே எம்.பி.ஏ.வும் வாங்கினார். பிற்பாடு சேர்ந்த ட்ரென்ட் ஹைன் போல்டரிலேயே ஒரு ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். பேராசிரியர், தயாரிப்பு நிறுவனத்தில் இருந்தவர், வாடிக்கையாளர்களிடம் போய் ஆலோசனை சொன்னவர் என்று மூன்று கோணங்கள் ஒரே புத்தகத்தில் சேர்ந்திருக்கின்றன. அது இத்தனை வருடம் நின்றதற்கு இந்தச் சேர்க்கைதான் காரணம் என்று நினைக்கிறேன். நெமெத் ஓய்வுக்குப் பிறகு பாய்மரப் படகில் உலகம் சுற்றக் கிளம்பினார். 2013 ஜூனில் நீனா என்ற பழைய பாய்மரக் கப்பலில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில், டாஸ்மன் கடலில், கூட இருந்த ஆறு பேரோடு காணாமல் போனார். 2017-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அட்டையில் முதல் பெயர் அவருடையதுதான்.

அடுத்த கூட்டம் இலக்கியம் படித்தவர்கள். ஏலீன் ஃப்ரிஷ் 1991-இல் எழுதிய எசென்ஷியல் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் பல அலுவலகங்களில் அலமாரியில் நிற்காமல் மேசையிலேயே கிடந்த புத்தகம். கால்டெக் போன்ற அறிவியல் கோட்டையில் இலக்கியத்தில் பட்டம் வாங்கி, பிட்ஸ்பர்க்கில் பண்பாட்டு ஆய்வில் முனைவர் ஆனவர் அவர். வி.எம்.எஸ்., யூனிக்ஸ், விண்டோஸ் என்று கலவையான மெஷின்களை வருடக்கணக்கில் கட்டி மேய்த்தவர். இன்னொரு பக்கம், குவாண்டம் வேதியியல் கணக்குகள் போடும் மென்பொருள் பற்றி வேதியியல்காரர்களுக்கான பாடப்புத்தகம் ஒன்றையும் ஜேம்ஸ் ஃபோர்ஸ்மனோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். அந்தக் கலவை புத்தகத்தில் தெரிகிறது. ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அதே வேலை ஐந்தாறு வகை யூனிக்ஸில் எப்படி எப்படி மாறுகிறது என்று பொறுமையாக வரிசையாகச் சொல்வார். ஆய்வுக்கூடம் மாதிரி இடங்களில் ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு கம்பெனியுடையதாக இருக்கும். ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அங்கே பிழைக்க முடியாது.

இந்தப் பட்டியலில் மைக் லூகைட்ஸையும் சேர்க்க வேண்டும். மின்பொறியியல் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். யூனிக்ஸ் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதைப் பற்றி 1990-இல் சிஸ்டம் பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங் எழுதினார். அதன்பின் ஓ'ரைலி பதிப்பகத்தில் எடிட்டராக நீண்ட காலம். அந்தப் பதிப்பகத்தைத் தொடங்கிய டிம் ஓ'ரைலியே ஹார்வர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவர்தான். தொடக்கத்தில் அது பதிப்பகமே இல்லை, கம்பெனிகளுக்குக் கூலிக்குக் கையேடு எழுதிக் கொடுக்கும் கடை. பிறர் பேசுவதைக் கேட்டு, கேட்டதைத் தெளிவாக எழுதுவதுதான் அவர்களுடைய தொழில். கம்ப்யூட்டர் புத்தகத்தில் எழுத்துக்கு மதிப்பு வந்ததில் இவர்கள் பங்கு பெரியது. நம் ஊரில் இலக்கியம் படித்தவர் சர்வர் ரூம் பக்கம் வந்தால் "உங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் தாங்கள் எழுதிய ரன்புக்கை, அதாவது சர்வர் வேலைகளின் செய்முறைக் குறிப்பை, ஒருமுறை படித்துப் பார்த்தால் பரவாயில்லை.

இப்போது, வேலையே நேராகப் புத்தகமாக மாறிய ஒரு கதை. இணையப் பெயர்களை மெஷின் முகவரிகளாக மாற்றித் தருவது டி.என்.எஸ்.; அந்த வேலை பார்க்கிற எல்லோருக்கும் கிரிக்கெட் லியூ பெயர் தெரியும். பெர்க்லியில் படித்து, ஹியூலட்-பேக்கர்டில் வேலைக்குச் சேர்ந்தவர். 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் லோமா ப்ரீட்டா பூகம்பம். ஆய்வுப் பிரிவின் கம்ப்யூட்டர் அறையில் தீயணைப்புத் தெளிப்பானுக்குப் போகும் பெரிய குழாய் விரிசல் விட்டு, அறை முழுக்கத் தண்ணீர். நிறுவனத்தின் டொமைன் நிர்வாகம் அதுவரை அந்தப் பிரிவிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அது தலைமை அலுவலகத்துக்கு மாற, அங்கே அதை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தவர் லியூ. அந்தக் காலத்து கார்ப்பரேட் டொமைன்களில் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. நம்மில் பலர் இன்றைய வேலைக்கு வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான், தண்ணீர்தான் கொஞ்சம் குறைவு.

அவரோடு சேர்ந்து எழுதிய பால் ஆல்பிட்ஸ் அதே நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்; அந்த நிறுவனத்தின் யூனிக்ஸான எச்.பி.-யூ.எக்ஸுக்கு பைண்ட் என்ற டி.என்.எஸ். மென்பொருளைக் கொண்டுவரும் வேலையைப் பார்த்தவர், அந்த டொமைனை நடத்துவதற்கான கருவிகளையும் எழுதியவர். ஒருவர் உள்ளே இருக்கும் புரோகிராமைப் பார்த்தவர், இன்னொருவர் தினமும் டொமைனின் பெயர்ப் பட்டியலான ஸோன் ஃபைலில் புள்ளி விட்டுப்போனதால் வரும் கூத்தைப் பார்த்தவர். 1992-இல் வந்த அவர்களுடைய டி.என்.எஸ். அண்ட் பைண்ட் புத்தகத்தில் ஒரு கற்பனைப் பல்கலைக்கழகம் வரும்: மூவி என்ற பெயரில், எஜு டொமைனில். அதன் மெஷின்களுக்கு டெர்மினேட்டர், ரோபோகாப் என்று சினிமாப் பெயர்கள். முதலில் மெஷின் பெயர்களும் முகவரிகளும் உள்ள ஒரு ஹோஸ்ட் டேபிள், அதிலிருந்து ஸோன் ஃபைல், அப்புறம் இரண்டாம் சர்வர், அப்புறம் கீழே ஒரு துணை டொமைனைப் பிரித்துக் கொடுப்பது என்று அந்தக் கல்லூரி வளர வளர உங்கள் அறிவும் வளரும். டொமைன் சிறியதாக இருந்து பெரிதானதைக் கூடவே நின்று பார்த்தவர்களுக்குத்தான் இந்த வரிசை வரும். நெறிமுறை (மெஷின்கள் பேசிக்கொள்ளும் விதி, புரோட்டோகால்) ஆவணத்தை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே தரவு போகும் பாக்கெட்டின் வடிவத்தை வரைந்திருப்பார்கள்.

நெறிமுறையையே நேராகப் பார்க்க வேண்டும் என்றால் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். அவரை அட்மின் எழுத்தாளர் என்று சொல்ல முடியாது, ஆனால் நெட்வொர்க் பார்க்கும் அட்மின் அவரைப் படிக்காமல் தப்பிக்கவும் முடியாது. விமான, விண்வெளிப் பொறியியல் படித்தவர். அரிசோனாவில் கிட் பீக் வானாய்வகத்தில் 1975 முதல் 1982 வரை புரோகிராமர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கவும் செய்தார். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளான டி.சி.பி.-ஐ.பி. பற்றிய அவருடைய டி.சி.பி.-ஐ.பி. இல்லஸ்ட்ரேட்டட் முதல் தொகுதி 1994-இல் வந்தது. தான் சொல்வதை நம்பச் சொல்லாமல், நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டி.சி.பி.டம்ப் கருவியை எடுத்து வரிக்கு வரி காட்டிக்கொண்டே போவார். 1999-இல் நாற்பத்தெட்டு வயதில் இறந்துபோனார்.

டாம் லிமொன்செல்லி வேறு மாதிரி. ட்ரூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர், பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடம், பிறகு கூகுள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று முழுக்க முழுக்க அட்மின் வேலையிலேயே இருந்தவர். கிறிஸ்டினா ஹோகனோடு சேர்ந்து 2001-இல் எழுதிய த ப்ராக்டிஸ் ஆஃப் சிஸ்டம் அண்ட் நெட்வொர்க் அட்மினிஸ்ட்ரேஷனில் கமாண்டைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். எந்த ஃபைலில் எதை எழுத வேண்டும் என்ற பேச்சே அநேகமாகக் கிடையாது. டிக்கெட்டை, அதாவது பயனரின் உதவிக் கோரிக்கையை, எப்படி வாங்குவது, பழைய சர்வரை எப்படி ஓய்வுபெற வைப்பது, மேலதிகாரியிடம் பட்ஜெட் எப்படிக் கேட்பது, வேலையை விட்டுப் போகிறவரின் அணுகலை எப்படி எடுப்பது என்றுதான் போகும். ஆராய்ச்சியாளர்கள் நிறைந்த இடத்தில் அட்மினாக இருந்தால் தொழில்நுட்பம் பாதி, மனிதர்கள் மீதி. அவர்களுக்குத் தங்கள் மெஷினைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும் என்ற எண்ணம் இருக்கும், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

இந்தப் புத்தகத்தில் பராமரிப்பு நேரம், அதாவது சர்வரை நிறுத்தி மாற்றங்கள் செய்ய ஒதுக்கும் நேரம், பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. நாசாவிடமிருந்து "ஃப்ளைட் டைரக்டர்" என்ற பாத்திரத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பத்து வேலைகள் செய்யப்போகிறோம் என்றால், ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு நேரம், சோதிக்க எவ்வளவு நேரம், சரிவராவிட்டால் பழையபடி திருப்ப எவ்வளவு நேரம் என்று அவரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கெடு நெருங்கும்போது "போதும், திருப்பு" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும். வேலை செய்கிறவனுக்கு எப்போதும் இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ஐந்து நிமிடத்தை நம்பியவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் அருமை புரியும். லிமொன்செல்லியின் நேர நிர்வாகப் புத்தகத்திலும், 2005-இல் வந்தது, இதேபோல் ஒன்று உண்டு. இரண்டு அட்மின் இருந்தால், மதியம் வரை வருகிற எல்லாத் தொந்தரவையும் ஒருவர் தாங்கிக்கொள்வார், இன்னொருவர் நிம்மதியாகத் திட்ட வேலை பார்ப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்வார்கள். நீங்கள் ஒருவர்தான் என்பதால் இது உடனே உதவாது, இரண்டாவது ஆளைக் கேட்கும்போது உதவும்.

ஹோகன் பற்றி ஒரு வரி சொல்லாமல் போகக்கூடாது. கணிதப் பட்டம், கணினி அறிவியலில் முதுகலை, விமானப் பொறியியலில் முனைவர், சட்டத்தில் டிப்ளமா. ஆறு வருடம் ஃபார்முலா 1 அணியில் காற்றியக்க நிபுணராக இருந்தார். அட்மின் வேலையிலிருந்து ரேஸ் காருக்குப் போனவர் நான் கேள்விப்பட்டவரை இவர் ஒருவர்தான்.

மார்க் பர்ஜஸ் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் அவர் எழுத்தைப் படித்தால் தலை சுற்றும். அவர் கோட்பாட்டு இயற்பியலாளர். நியூகாசிலில் முனைவர் பட்டம் முடித்து ஆஸ்லோ பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனார். அங்கே துறையில் பல கம்பெனிகளின் யூனிக்ஸ் மெஷின்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, எழுதினால் அதில் பாதி "இது எந்த யூனிக்ஸ்" என்று கேட்கும் இஃப் வரிகளாகவே ஆகிவிடும். 1993-இல் அதற்கு மாற்றாக சி.எஃப்.என்ஜின் எழுதினார். அதன் அடிப்படை எளிமையானது. "இந்த ஃபைலில் இந்த வரியைச் சேர்" என்று ஸ்கிரிப்ட் எழுதினால், இரண்டு முறை ஓடினால் இரண்டு வரி சேர்ந்துவிடும். "இந்த வரி இருக்க வேண்டும்" என்று சொன்னால், இருந்தால் சும்மா இருக்கும், இல்லாவிட்டால் சேர்க்கும். நூறு முறை ஓடினாலும் கவலை இல்லை. எந்த நிலையில் ஆரம்பித்தாலும் மெஷின் நீங்கள் சொன்ன நிலைக்கு வந்து நிற்கும். பிறகு வந்த கருவிகளான பப்பெட்டும் ஆன்சிபிளும் இன்று பேசுவது இதே பேச்சுத்தான். சொல்லப்போனால் பப்பெட்டை உருவாக்கிய லூக் கேனீஸ் வேதியியல் படித்தவர்.

கட்டளையை விட்டுவிட்டு நிலையைப் பற்றி யோசிப்பது இயற்பியல்காரருக்கு இயல்பு. மெஷின் தானாகவே ஒழுங்கு கெட்டுக்கொண்டே போகும் என்பதும் அவருக்கு ஆச்சரியமில்லை. 1998-இல் கணினிகளுக்கு நோய் எதிர்ப்பு சக்தி வேண்டும் என்று லீசாவில் கட்டுரை வாசித்தார். நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகம் என்ற பெயரிலேயே பேராசிரியர் பதவி பெற்ற முதல் ஆள் அவர், ஆஸ்லோ பல்கலைக்கழகக் கல்லூரியில். ஆனால் 2004-இல் வந்த அவருடைய அனலிட்டிக்கல் நெட்வொர்க் அண்ட் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் சமன்பாடுகளால் நிறைந்தது. ராத்திரி டிஸ்க் நிரம்பிவிட்டது என்று அலாரம் அடிக்கும்போது அதைத் திறக்காதீர்கள்.

வேலையில் அடி வாங்கி எழுத வந்தவர்களும் உண்டு. கர்டிஸ் பிரெஸ்டன் 1993-இல் ஒரு பெரிய கிரெடிட் கார்ட் வங்கியில் பேக்கப் பார்க்கும் வேலையில் சேர்ந்தவர். புதிதாக வருகிறவர் தலையில் பேக்கப்பைக் கட்டுவது உலக வழக்கம். ஒரு முக்கியமான டேட்டாபேஸை ரெஸ்டோர் செய்ய, அதாவது பேக்கப்பிலிருந்து மீட்க, முடியாமல் போன கதையை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1999-இல் யூனிக்ஸ் பேக்கப் பற்றி முழுப் புத்தகம் எழுதி, அந்தத் துறைக்கே பெயர் சொல்லும் ஆளாகிவிட்டார். யாரும் விரும்பாத வேலையைப் பிடித்து அதில் ஊன்றிய ஆள் என்பதால், அவர் எழுத்தில் பேக்கப்பைவிட ரெஸ்டோருக்கு மரியாதை அதிகம்.

பாதுகாப்புப் பக்கம் 1991-இல் வந்த ப்ராக்டிகல் யூனிக்ஸ் செக்யூரிட்டி இரண்டு பேர் கூட்டு. சிம்சன் கார்ஃபிங்கல் எம்.ஐ.டி.யில் பட்டங்கள் வாங்கிவிட்டுக் கொலம்பியாவில் இதழியல் முதுகலை படித்தவர். ஜீன் ஸ்பாஃபோர்ட் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1988-இல் தானாகவே பரவும் மோரிஸ் புழு என்ற புரோகிராம் இணையத்தை முடக்கியபோது அதைப் பிரித்துப் பார்த்து அறிக்கை எழுதியவர். பத்திரிகைக்காரரும் பேராசிரியரும் சேர்ந்தால் இரண்டு பேரின் குறையும் பாதி மறைந்துவிடுகிறது. லினக்ஸ் பக்கம் முதல் கையேடுகளை எழுதியவர்கள் இன்னும் இளையவர்கள். லார்ஸ் விர்ஸேனியஸ் ஹெல்சிங்கியில், லினக்ஸை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸின் சக மாணவர். நெட்வொர்க் கையேட்டை எழுதிய ஓலாஃப் கிர்ஷ் ஜெர்மனியில் கணிதம் படித்தவர். யாரும் காசு கொடுத்து எழுதச் சொல்லவில்லை, இலவசமாகப் பகிர்ந்துகொள்ளத்தான் எழுதினார்கள். இதற்கு நேர் எதிர்க் கோடியில் கிரெய்க் ஹன்ட். அமெரிக்க அரசின் புரோகிராமராகத் தொடங்கி, டி.சி.பி.-ஐ.பி.க்கு முந்தைய ராணுவ நெட்வொர்க்கில் வேலை பார்த்து, தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்குப் போனவர். அவருடைய டி.சி.பி.-ஐ.பி. நிர்வாகப் புத்தகம் அரசு அலுவலகக் கோப்பைப் போலவே நிதானமாக, ஒன்றும் விடாமல் போகும்.

விண்டோஸ் உலகில் மார்க் ரஸ்ஸினோவிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலில் முனைவர், ஆக முறைப்படி படித்து வந்தவர்களும் இல்லாமல் இல்லை. அவர் விண்டோஸின் உள்ளே நடப்பதைக் காட்டும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளை மைக்ரோசாஃப்டுக்கு வெளியே இருந்து எழுதினார்; 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. டான் ஜோன்ஸ் இதற்கு மறுகோடி: அமெரிக்கக் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காகத் தொழில் பழகியவர். விண்டோஸ் கட்டளை மொழியான பவர்ஷெல் பற்றிய அவருடைய புத்தகம் ஒரு மாத மதிய உணவு நேரத்தில் கற்கும்படி, நாளைக்கு ஒரு பாடமாக, கடைசியில் கைவேலையோடு பிரிக்கப்பட்டிருக்கிறது. பட்டறையில் தொழில் பழகியவரின் பாடத்திட்டம்.

பெரிய கம்பெனிக்குள்ளிருந்து வரும் புத்தகங்களில்தான் உங்களுக்குக் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2016-இல் கூகுள் ஆட்கள் எழுதிய சைட் ரிலயபிலிட்டி இன்ஜினியரிங் நூலின் தொகுப்பாளர்கள் நால்வரில், பெட்ஸி பேயர் தொழில்நுட்ப எழுத்தாளர், ஸ்டான்ஃபோர்டில் அதையே கற்பித்தவர். ஜெனிஃபர் பெட்டாஃப் வேதியியல் முனைவர், எட்டு வருடம் வேதித் தொழிலில் இருந்தவர். நியால் மர்ஃபி கணினி அறிவியலோடு கவிதையியலிலும் பட்டம் வாங்கியவர். உள்ளே அத்தியாயங்களை எழுதியவர்கள் அந்த வேலையைச் செய்தவர்கள். எழுத்து நன்றாகவே இருக்கிறது, நேர்மையாகவும் இருக்கிறது. ஆனால் அவர்கள் நின்ற இடம் வேறு. ஒரு மெஷின் செத்தால் கவனிக்காமல் விட்டுவிடலாம் என்ற அளவுக்கு மெஷின்கள் இருக்கும் இடத்தில் சரியான யோசனை, செத்த மெஷினில்தான் சம்பளப் பட்டியல் ஓடுகிறது என்ற இடத்தில் அப்படியே செல்லாது.

பிரெண்டன் கிரெக்கும் உள்ளிருந்து எழுதுகிறவர்தான், ஆனால் அவர் விஷயம் வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து போய் சன், ஜாயண்ட், நெட்ஃப்ளிக்ஸ், இன்டெல் என்று மாறியவர். சன்னில் இருந்தபோது டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று கத்தி, அந்த அதிர்வில் டிஸ்க்கின் தாமதம் எகிறுவதைத் திரையில் காட்டிய 2008 வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இன்றைக்கே பாருங்கள். தயாரிப்பு நிறுவனத்தில் அளக்கும் கருவிகளோடு பழகியவர், பிறகு அந்தக் கருவிகளை நம்பிப் பிழைக்கும் நிறுவனங்களுக்குப் போனார். அதனால் 2013-இல் முதலில் வந்த அவருடைய சிஸ்டம்ஸ் பெர்ஃபார்மன்ஸில் இரண்டு பக்கமும் தெரிகிறது. ஒவ்வொரு வளத்துக்கும் எவ்வளவு உபயோகம், எவ்வளவு வரிசை காத்திருக்கிறது, எத்தனை பிழை என்று மூன்றே கேள்வி கேட்கச் சொல்லும் அவருடைய முறை, நாற்பது சர்வருக்கும் பொருந்தும், நாற்பதாயிரத்துக்கும் பொருந்தும்.

எழுதுவதே தொழில் என்று இருப்பவர்களும் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, மிகக் குறைவு. மைக்கேல் லூகஸ் நெட்வொர்க் வேலையிலிருந்து வந்து, 2002-இல், யூனிக்ஸ் வகைகளில் ஒன்றான பி.எஸ்.டி. பற்றிய புத்தகத்தில் தொடங்கி, இப்போது முழுநேர எழுத்தாளர். சொந்தப் பதிப்பகம் வைத்து எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி), பாம் (உள்நுழைகிறவரைச் சரிபார்க்கும் அமைப்பு) என்று ஒரே தலைப்பில் சிறு புத்தகங்களாகப் போடுகிறார். பி.எஸ்.டி. கருத்தரங்கில் நடக்கும் கொலை பற்றித் துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார். மற்றவர்களுக்குப் புத்தகம் அநேகமாக ஒரு விசிட்டிங் கார்டு. ராயல்டியில் குடும்பம் நடக்காது, ஆனால் புத்தகத்தைப் பார்த்து ஆலோசனை வேலையும் பயிற்சி வகுப்பும் வரும். கிரிக்கெட் லியூ நண்பரோடு டி.என்.எஸ். ஆலோசனை நிறுவனம் தொடங்கி, 2000-இல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸுக்கு விற்றார். பிரெஸ்டனும் ஆலோசகராகத்தான் நீண்ட காலம் இருந்தார். இதில் தவறொன்றும் இல்லை. முதல் பதிப்பு எழுதும்போது ஆசிரியர் எங்கே வேலை பார்த்தார், ஐந்தாம் பதிப்பின்போது எங்கே என்று மட்டும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் தேர்வுக்கான புத்தகங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றைப் பயிற்சியாளர்கள் எழுதுகிறார்கள், தேர்வில் தேற அவை போதும். கமாண்ட் தவறாகப் போனால் திரையில் என்ன வரும் என்பது அவற்றில் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு வேண்டியதோ அதுதான்.

உங்கள் நிலைமைக்கு வருவோம். ஒரே ஆள், நாற்பது சர்வர். முதலில் லிமொன்செல்லி-ஹோகன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு, 2016-இல் வந்தது. டிக்கெட், பராமரிப்பு நேரம், ஆவணப்படுத்தல் பற்றிய அத்தியாயங்களை மட்டும் படித்தால்கூடப் போதும். மேசையில் எப்போதும் கிடக்க நெமெத் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு. தொடர்ச்சியாகப் படிக்க வேண்டாம், பிரச்சினை வரும்போது அந்த அத்தியாயத்தைத் திறங்கள். டி.என்.எஸ். உங்கள் கையில் இருந்தால் லியூ-ஆல்பிட்ஸ். 2006-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, ஆனாலும் அடிப்படைக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஃப்ரிஷின் மூன்றாம் பதிப்பு 2002-உடையது, இப்போது காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். கூகுள் புத்தகத்தை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்: ஆன்-கால் (அழைத்தால் வரத் தயாராக இருக்கும் முறை), போஸ்ட்மார்ட்டம் (கோளாறுக்குப் பிந்தைய அலசல்), கண்காணிப்பு அத்தியாயங்களை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். கிரெக்கை வாங்குவதை, "சர்வர் ஸ்லோவா இருக்கு" என்ற டிக்கெட் உங்களுக்கு அடிக்கடி வர ஆரம்பிக்கும்வரை தள்ளிப்போடலாம்.